முப்பத்திரண்டு அடி

ஸ்நேர் டிரம்மை ஜவ்வரிசி ஆலைக்குத் தூக்கிப் போனது
ஆடம்பரத்துக்காக அல்ல.
அம்மாபேட்டையில் என் ஸ்டுடியோவுக்கு
நாலு சுவர், சாக்குத் துணி, முட்டை அட்டை எல்லாம் உண்டு.
ஐந்தாம் சுவராகப் பக்கத்து வீட்டு விசைத்தறி.
அது ஓடுகிறவரை
யாரும் தொடாத டிரம்மின் வயிற்றுக் கம்பிகள்
தாமாகவே சிலுசிலுக்கும்,
காய்ச்சல் கண்டவன் பல் அடிப்பதுபோல.
கரண்ட் போனால் தறி நிற்கும்.
கரண்ட் போனால் நானும் நிற்பேன்.

பதினோரு நாள் பார்த்தேன்.
தோலுக்கு நாலு விரல் மேலே ஒரு மைக்,
வயிற்றுக்குக் கீழே ஒன்று.
கம்ப்ரசரை முறுக்கினேன், ரிவெர்ப் ஊற்றினேன்,
யாரோ சொன்னார்கள் என்று என் பர்ஸையே
தோல்மேல் வைத்துப் பார்த்தேன்
(நானூறு ரூபாய், ஒரு ரேஷன் கார்டு நகல்).
ஹெட்போனைக் கழற்றிவிட்டு பிலோமினா சொன்னாள்:
"பிஸ்கட் டப்பாவாட்டம் இருக்குதுங்கண்ணா.
எனக்குக் கதவு உடையோணும்."

பகலில் அவள் செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்குச் சலங்கை பற்றவைப்பவள்.
மில்லிகிராம் கணக்கில் சத்தம் செய்கிற வேலை.
ராத்திரி கணக்குப் பார்க்க மாட்டாள்.
மாதம் ஆறு ஜோடிக் குச்சி உடையும்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி, கிழங்கு வராத மாதம்,
அர்த்தனாரி குடோனைத் திறந்துவிட்டார்.
"செருப்ப மட்டும் கழட்டிருங்க,
மாவு வெக்கிற எடம்."
தகரக் கூரை. சிமெண்டுத் தரை. புளித்த வாசம்.
சன்னல் கம்பிக்குள் சேர்வராயன் மலை,
அதற்கு இதில் அக்கறையில்லை.

முதல் அடி
கூரைவரை தனியாகப் போனது,
திரும்பும்போது சொந்தபந்தத்தோடு வந்தது.
உத்தரத்துப் புறாக்கள் ஒன்றுவிடாமல் எழுந்தன.
மைக்கை ஆறடி தள்ளினேன்,
பத்து, இருபது,
வெறுங்காலால் அளந்து அளந்து முப்பத்திரண்டு.
அங்கிருந்து கேட்டால்
குச்சி விழுந்து நொடியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு கழித்து
சத்தம் வந்து சேரும்.
பெரிய ஆட்கள் கல்யாணத்துக்கு வருவதுபோல.

ஆனாலும் டப்பாதான்.
பிலோமினா தோள்பட்டையிலிருந்து அடித்தாள்,
இடுப்பிலிருந்து அடித்தாள்,
மேஸ்திரியை நினைத்துக்கொண்டு அடித்தாள்.
அடிக்க அடிக்கத் தோல் குரல்வளையை இறுக்கிக்கொண்டது.
பத்துத் திருகையும் கால் சுற்று இளக்கினேன்.
இன்னொரு கால் சுற்று.
நாற்பத்து மூன்றாம் டேக்குக்குள்
புறாக்களுக்குப் பழகிவிட்டது. எழவில்லை.
லேப்டாப்பில் பதினோரு சதவீதம் சார்ஜ்.
அவள் விரலில் பற்றவைப்பு சுட்ட கொப்புளம் உடைந்திருந்தது.

"போதுங்கண்ணா, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்"
என்று எழுந்தவள்
போகிற போக்கில் குச்சியை அதன் பாட்டுக்கு விழவிட்டாள்.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைப் போடுவோமே,
அப்படி.

லாரியின் பின்கதவு கொக்கி கழன்று விழுந்தது.
அதன் பின்னே குடோன் ஒருமுறை மூச்சு விட்டது.
அதன் பின்னே, ஈர மணல் சரிவதுபோல,
கம்பிகளின் நீண்ட ஸ்ஸ்.
அதன் பின்னே ஒன்றுமில்லை,
அந்த ஒன்றுமில்லையும் பெரிதாக இருந்தது.

ரெகார்டிங்கை நிறுத்த நான் மறந்திருந்தேன்.
பன்னிரண்டு வருடத் தொழிலில்
என் திறமை என்று சொல்ல இது ஒன்றுதான்.

களத்திலிருந்து அர்த்தனாரி ஓடி வந்தார்:
"எந்த ஷட்டருங்க விழுந்துச்சு?"
பிலோமினா தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.
பதில் சொல்லவில்லை.
முகத்தில் மட்டும் அவள் வயது இருபத்திரண்டு என்று தெரிந்தது.

இரவு அம்மாபேட்டையில், தறிக்கு நடுவே,
ஹெட்போனை அழுத்திக்கொண்டு கேட்கிறேன்.
ஸ்ஸ் முடிகிற இடத்தில் ஒரு டிக்.
திரும்பக் கேட்டேன். டிக்.
டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தால்
கம்பிக்கு இடையில் மாட்டிய ஒரு ஜவ்வரிசி.
அதை எந்த பில்டராலும் எடுக்க முடியவில்லை.

போன் செய்து சொன்னேன்.
"இருக்கட்டும் விடுங்கண்ணா" என்றாள்.
"வெள்ளியா இருந்தாத்தான்
சாயங்காலம் கணக்குச் சொல்லோணும்."